மூன்று வாளி மீன் கழிவு

என் மனைவி மீன் விற்பவள். நான் எஸ்டேட் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் ஏற்காட்டில் சிலர் இன்னும் புருவத்தைத் தூக்குகிறார்கள். தூக்கட்டும். எங்கள் மகளைப் படிக்க வைத்தது என் பேனா இல்லை, என் மனைவியின் அரிவாள்மனைதான்.

ரைட்டர் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் செய்த தப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. காலையில் காப்பித் தோட்டத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு ஏட்டில் ஏற்ற வேண்டும். மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கியதும் "எல்லாம் சரிங்க" என்று சொல்ல வேண்டும். காற்று மழையில் நாற்றங்கால் கூரை பறந்துபோன அன்றும் நான் முதலில் "எல்லாம் சரிங்க" என்றுதான் சொன்னேன். பிறகு டீ வந்து, அவர் இரண்டு வாய் குடித்த பின்புதான் கூரையின் கதையை எடுத்தேன். முப்பது வருஷம் இப்படியே போனதில் அந்த வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அதுவேதான். பல் வலியில் கன்னம் வீங்கிக் கிடந்தாலும் கேட்டால் "எல்லாம் சரி" என்பேன். அவள் சிரிப்பாள். "கழுவுற மீனுல நழுவுற மீனுங்க நீங்க. தெனமும் கையில பிடிக்கறவளுக்குத் தெரியாதுங்களா?" என்பாள்.

வாழவந்திக்குப் போகும் சாலையில் எங்கள் வீடு. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவளுடைய கடை. கடை என்றால் நான்கு கம்பமும் தகரக் கூரையும் ஒரு சிமெண்டு மேடையும். புதன், வெள்ளி, ஞாயிறு மூன்று நாளும் சேலத்திலிருந்து வேனில் மேட்டூர் அணை மீன் வரும். கட்லா, ரோகு, ஜிலேபி, கிடைத்தால் விரால். மழையில் பாறை சரிந்து பெரிய சாலை அடைபட்டால் வேன் குப்பனூர் வழியாகச் சுற்றி வரும். அன்று பத்து மணி ஆகிவிடும், ஆனாலும் ஆட்கள் கலையாமல் நிற்பார்கள். அவளுக்குக் கூட்டாளி ஒருத்தி உண்டு. வெள்ளக்கடையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற கிறிஸ்தவப் பெண். ஒருத்தி எடை போட்டால் இன்னொருத்தி செதில் சுரண்டிக் குடலை எடுத்துத் துண்டு போடுவாள். இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். எப்படி விரலை வெட்டிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத ஒன்று.

மீன் விற்பது ஒரு வேலை என்றால், மீன் கழிவை என்ன செய்வது என்பது இன்னொரு வேலை. குடல், செவுள், வால், யாரும் வாங்காத தலை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று வாளி சேர்ந்துவிடும். முதலில் காப்பிச் செடிகளுக்கு நடுவே குழி தோண்டிப் புதைத்தோம். நாய்கள் தோண்டின. நாய்களுக்குப் பயந்து ஆழமாகப் புதைத்தோம். காட்டுப்பன்றி தோண்டியது. பக்கத்து வீட்டு மாட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் ஏழு தலைமுறையையும் விசாரித்தார். நானும் என் பங்குக்கு அவரிடம் காட்ட வேண்டிய கோபத்தை வீட்டுக்குள் வந்து இவளிடம் காட்டினேன். குளித்துவிட்டுத்தான் சமையல்கட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டேன். அவள் கமலா ஆரஞ்சுத் தோலை உள்ளங்கையில் தேய்த்துக் கழுவிக்கொண்டு, குளித்துவிட்டு வருவாள். இன்றைக்கு நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

மகளிர் குழுவிலிருந்து சேலத்தில் ஒரு பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். இரண்டு நாள் போய்விட்டு வந்தவள், மூன்றாம் வாரம் ஒரு மினி லாரியில் பெரிய கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டு வந்து இறக்கினாள். மாட்டுச் சாணத்தில் கோபர் கேஸ் எடுப்பது எல்லோருக்கும் தெரியும். மீன் கழிவிலும் எடுக்கலாம் என்றாள். நான் சிரித்தேன்.

தொட்டிக்குள் இன்னொரு டிரம்மைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். காற்றுப் புகாத அந்த இருட்டில் கழிவு மட்கி வாயு உண்டாகும். வாயு சேரச் சேர மேலே உள்ள டிரம் எழும்பும். அடுப்பில் எரிக்க எரிக்கத் தாழும். எனக்குப் புரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். அவள் எனக்குச் சொன்ன விதம் இதைவிட நன்றாக இருந்தது.

"உள்ளார கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்குதுங்க. நாம போடறத அதுங்க தின்னுபோட்டு விடற காத்துதான் கேஸு. அதுங்க வவுத்தக் கெடுக்காமப் பாத்துக்கிட்டா நமக்குச் சோறு வேகும்."

அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். முதலில் சாணத்தை மட்டும் கரைத்து ஊற்றி ஒரு மாதம் காத்திருந்தாள். பிறகு மீன் குடலைப் பொடியாக நறுக்கி, ஒரு பங்குக்கு ஒரு பங்கு சாணம் கலந்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கரைத்து, நாளுக்கு அரை வாளிக்கு மேல் போடாமல் ஊட்டினாள். மிச்சக் கழிவை மூடி போட்ட டப்பாவில் வைத்து அடுத்த நாளுக்குக் கொடுப்பாள். செதில் உள்ளே போகக் கூடாது, அது மட்காது. மீன் எண்ணெய் ஆடை கட்டினால் வாயு ஏறாது, அதனால் டிரம்மைத் தினமும் ஒரு தடவை திருப்பிவிட வேண்டும். மலைக்குளிரில் அந்த உயிர்கள் சோம்பிவிடும் என்று தொட்டியைச் சுற்றிக் காப்பிப் பழத் தொலியை இடுப்பளவுக்குக் குவித்தாள். மட்க மட்கத் தொலி தானே சூடாகும். அந்தச் சூட்டில் ஒரு பூனை வந்து படுத்துக்கொண்டது.

முதன்முதலில் அடுப்பு எரிந்த காலை நீல நிறத்தில் சத்தமில்லாமல் ஒரு வட்டம் நின்றது. அதில் அவள் டீ போட்டாள். டீயில் மீன் வாடை அடிக்குமோ என்று நான் முகர்ந்து பார்த்தேன். அடிக்கவில்லை. கழிவு வெளியே கிடக்காததால் பன்றி வருவதும் நின்றது. தொட்டியிலிருந்து வழிகிற கரைசலைத் தன் மிளகுக் கொடிக்குக் கேட்டு அதே மாட்டுக்காரர் வேலி ஓரம் வந்து நின்றார். பதிலுக்குச் சாணம் தந்தார். என் ஏழு தலைமுறையும் பிழைத்துக்கொண்டது.

எங்கள் மலையில் மீன் கழிவுக்கும் ஒரு பஞ்ச மாதம் உண்டு. புரட்டாசி. மலைக்காரர் வீடுகளில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி உள்ளே நுழையாது. கிறிஸ்தவ வீடுகளுக்காக வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு கூடை மீன் வரும். தொட்டிக்குள் இருக்கிறவர்களுக்கு நம் விரதம் எங்கே தெரியும்? அவள் அழுகிய பேரிக்காயும் வாழைப்பழமும் கழுநீரும் சாணமும் போட்டு ஒப்பேற்றுவாள். புரட்டாசி முடிந்து முதல் ஞாயிறு ஊரே மீனுக்கு அலைமோதும். அன்று வாளி வாளியாகக் கழிவு வரும். அவளோ தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மட்டும் போடுவாள்.

"வெரதம் முடிச்சவங்க மொதல்ல கஞ்சிதானுங்க குடிக்கோணும். எடுத்ததும் விருந்து வெச்சா வவுறு தாங்குமா?"

இதை மூன்று வருஷம் என் கண்ணால் பார்த்தேன். பார்த்தவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

போன ஆடிக் கடைசியில் அவள் எங்கள் மகள் வாழ்கிற பெங்களூருக்குப் போனாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவது வேண்டாம் என்று மகளைப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வர முடியாதென்றால் தாய் வீடு அங்கே போக வேண்டியதுதான். ஒரு பையில் பிரசவ மருந்தும் இன்னொரு பையில் துணியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஏறுவதற்கு முன் எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: அரை வாளி, பாதிக்குப் பாதி சாணம், வெந்நீர், டிரம்மைத் திருப்பு, புரட்டாசி முடிந்தால் இரண்டு கைப்பிடி. ரைட்டருக்கே குறிப்பு எழுதிக் கொடுக்கிறாயா என்று கேலி செய்தேன். தீபாவளி முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றாள். அதற்குள் மருமகனின் அம்மா பெங்களூர் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார் என்று பேச்சு.

ஆவணியில் பேத்தி பிறந்தாள். சந்தோஷம்தான். ஆனால் மனைவி இல்லாத வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. நானே பொங்கி நானே தின்றேன். சோறு குழைந்தால் திட்ட ஆள் இல்லை. நான் திட்டுவதற்கும் ஆள் இல்லை. சாயங்காலம் மூடுபனி இறங்கும்போது கடைப்பக்கம் போய்க் கூட்டாளிப் பெண் மேடையைக் கழுவுவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பேன். "அண்ணா, ஊட்டுக்குப் போங்க, பனியில நிக்காதீங்க" என்று அவள் விரட்டுவாள். வீட்டுக்கு வந்தால் எங்கும் சோப்பு வாடை, சுத்தம். எந்த வாடையை வாசலில் நிறுத்தி வைத்தேனோ அதற்காக என் மூக்கு ஏங்கியது. வயசான காலத்தில் இப்படி ஒரு ஏக்கம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

தினமும் காலை ஏழரைக்கு மனைவியின் போன் வரும். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான், அது தொட்டி பக்கத்தில். ஒரு கையைக் காப்பித் தொலியின் சூட்டில் வைத்துக்கொண்டு பேசுவேன்.

"ஏனுங்க, டிரம் எந்திரிச்சுதுங்களா?"

அவளுடைய முதல் கேள்வி அதுதான். அரை அடி, முக்கால் அடி என்று நான் சொல்வேன். பிறகு குழந்தை குளித்தது, பால் கக்கியது என்று அவள் சொல்வாள். நான் "ம்" கொட்டுவேன். எனக்குச் சொல்ல வேறு என்ன இருக்கிறது? நீ இல்லாமல் எனக்கு ஆகவில்லை என்று சொல்லலாம். அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. டிரம் நன்றாக எழும்பியிருக்கிறது என்று சொல்கிற நாட்களில் அவள் குரல் ஏறும். ஒரு நிமிஷம் கூடுதலாகப் பேசுவாள். சிரிப்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் தொட்டியைக் கவனித்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

புரட்டாசி வந்தது. டிரம் இறங்கிக்கொண்டே போனது. பேரிக்காயும் முடிந்துவிட்டது. டீக்கு மட்டும் எரிகிற அளவுக்கு வந்து, பிறகு அதுவும் பாதியில் அணைந்தது. போனில் பேச்சும் குறைந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. ஒருநாள் அவள், "பாவம் அதுங்க, பட்டினியாக் கெடக்குது. புரட்டாசி போகட்டுமுங்க" என்றாள். பட்டினி கிடந்தது தொட்டி மட்டும் இல்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு. தூறல். கடையில் அந்தத் தூறலிலும் குடைகளாக வரிசை நின்றது. கூட்டாளிப் பெண் தனியாளாக வெட்டிக் கொடுத்துக் கை சோர்ந்துபோனாள். மதியம் நான் போனபோது மூன்று வாளி நிரம்பி இருந்தது.

"அண்ணா, இது அம்புட்டையும் இன்னிக்கே போட்டுறாதீங்க. அக்கா நொம்பக் கோவிச்சுக்கும்" என்று அவள் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

தெரியும்தான். தாள் சுவரில் ஒட்டித்தான் இருந்தது. ஆனால் வாளிகளைக் கொண்டுபோய்த் தொட்டி பக்கத்தில் வைத்தபோது என் மனம் வேறு கணக்குப் போட்டது. மூன்று வாளியும் போட்டால் நாளை மறுநாள் டிரம் விளிம்பு வரை நிற்கும். "விளிம்பு வரைக்கும் வந்திருச்சு புள்ள" என்று போனில் சொல்லலாம். அவள் சிரிப்பாள். நறுக்கவில்லை. செதில் பொறுக்கவில்லை. இருந்த கொஞ்சம் சாணத்தைக் கலந்து மூன்று வாளியையும் கொட்டினேன். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஐம்பத்தொன்பது வயசு ஆளுக்கு அன்று மறந்துபோனது.

புதன்கிழமை காலை டிரம் உண்மையிலேயே விளிம்பு வரை நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போன் வந்தது. சொன்னேன். நான் நினைத்தபடியே அவள் சிரித்தாள், மகளைக் கூப்பிட்டு "உங்கப்பாவப் பாரு, டிரம்ம மேல நிறுத்திப்புட்டாரு" என்று சொல்வதும் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? பாப்பா என்ற மேல நொம்ப ஒட்டிக்கிச்சு. சம்பந்தியம்மா தீவாளி முடிஞ்சு வாறன்னுதான் சொல்றாங்க. அவங்கள வரச் சொல்லிப்போட்டு நான் கெளம்பட்டுங்களா, இல்ல, நானே இருந்து பாத்துக்கட்டுங்களா? நீங்க சொல்றதுதான்."

மூடுபனிக்குள் நின்றுகொண்டிருந்தேன். வா என்ற ஓரெழுத்து தொண்டை வரை வந்தது. அந்த நேரத்தில் நாக்கில் முப்பது வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்தது முந்திக்கொண்டது.

"இங்க எல்லாம் சரியா இருக்குது. நீ இருந்துக்க."

"அப்படிங்களா?" என்றாள். பிறகு "சரிங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். புஸ்ஸென்று ஒரு நீலம் எழும்பித் தடுமாறி அணைந்தது. மறுபடி பற்ற வைத்தேன். குச்சிதான் எரிந்தது. முட்டை அழுகியதும் புளித்ததும் சேர்ந்த ஒரு நாற்றம் மூக்கைத் துளைத்தது. டிரம் நிறையக் காற்று இருந்தது, எரிகிற காற்று இல்லை. மூன்று வாளியில் உள்ளே புளிப்பு ஏறி, வாயு உண்டாக்குகிற உயிர்கள் எல்லாம் மடிந்துபோயிருந்தன. இந்த விவரம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அவள் மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்ததை நான் ஒரே மத்தியானத்தில் கொன்றுவிட்டேன்.

அன்றே போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சரியாகிவிடும் என்று இருந்தேன். அடுத்த நாள் அவள் "டிரம் எந்திரிச்சுதுங்களா?" என்று கேட்டபோது, "எந்திரிச்சிருக்குது" என்றேன். டிரம் எழும்பித்தான் இருந்தது. எனவே பொய்யில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் வருவதற்குள் சரிபண்ணிவிட வேண்டும், இதைக் கண்டு அவள் முகம் வாடக் கூடாது என்று எண்ணம். ஏட்டு ஞானத்தில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினேன். பிறகு பொறுமை இல்லாமல் இன்னும் கொஞ்சம் மீன் போட்டேன். நாற்றம் கூடியதே தவிர நெருப்பு வரவில்லை. பூனைகூட இடத்தை மாற்றிக்கொண்டது.

மூன்று நாள் ரொட்டியைத் தின்றுவிட்டு, கேஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போய் சிலிண்டர் பதிவு செய்தேன். மூன்று வருஷமாகத் தொடாமல் கிடந்த கனெக்ஷன். சிலிண்டர் வந்தது. அதில் சமைத்துத் தின்றுகொண்டே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதம் தினமும் காலையில் தொட்டி பக்கத்தில் நின்று அவளுக்கு அளவு சொன்னேன். அரை அடி. முக்கால் அடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள், நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வாள். முன்னைப் போலச் சிரிப்பு இல்லை. குழந்தை அழுகிறது என்று சீக்கிரம் வைத்துவிடுவாள். அங்கே பழகிவிட்டாள், இனி இந்த மலையும் நானும் எதற்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்து நினைத்து, கேட்கிறவர்களிடம் எல்லாம் எரிந்து விழுந்தேன். கூட்டாளிப் பெண் என்னிடம் கழிவு கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஒருநாள் நேராகவே கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, தொட்டி செத்தது அக்காவுக்குத் தெரியுமா?"

"உன் வேலையைப் பாரு" என்றேன்.

"என்ற வேலையத்தான் பாக்கறேன். அக்கா இல்லாம எனக்கே கை ஒடிஞ்ச மாதிரி இருக்குது. உங்களுக்கு இருக்காதா? அதையாவது சொன்னீங்களா?" என்றாள்.

பொங்கலுக்கும் அவள் வரவில்லை. மகளுக்கு வேலைக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டது. தனியாக ஒரு கைப்பிடி பச்சரிசிப் பொங்கலை வைத்துச் சாமி கும்பிட்ட பிறகு, அன்று முதன்முறையாக நானே போன் போட்டேன்.

"ஏ புள்ள, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்க."

"தொட்டி செத்துப்போச்சு. ஐப்பசியிலயே. நான்தான் மூணு வாளியும் ஒரே நாள்ல கொட்டிட்டேன்."

"தெரியுமுங்க" என்றாள்.

கூட்டாளிப் பெண் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவ சொன்னாளா?"

"அவ ஒரு வார்த்தை சொல்லல. நீங்க சிலிண்டர் வாங்குனீங்கல்ல? கனெக்ஷன் என்ற பேர்லதானுங்க இருக்குது. புக் பண்ணுனா மெசேஜ் என்ற போனுக்குத்தான் வரும். அன்னிக்கே தெரியும்."

எட்டுமுழ வேட்டியோடு தொட்டி பக்கத்தில் நின்று மூன்று மாதம் அளவு சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டேனுங்களே. தெனமும் காலையில அதத்தானுங்க கேட்டேன். இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு" என்றாள். "தொட்டி போனாப் போகுதுங்க, இன்னொண்ணு வெச்சுக்கலாம். வரட்டுங்களான்னு கேட்டதுக்கு எல்லாம் சரின்னு சொல்லிப்போட்டீங்க. சிலிண்டர் வாங்கியாவது இருந்துக்கறாரு, நம்மளக் கூப்படல பாருன்னு நெனச்சேன். நான் இல்லாமயே உங்களுக்கு ஆகுதுன்னு நெனச்சேன்."

"ஆகல" என்றேன். அது வெளியே வந்துவிட்டது. "ஒரு நாளும் ஆகல. நீ இல்லாம இந்த ஊடு ஊடாவே இல்ல. கெளம்பி வா."

சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"இத அன்னிக்குச் சொல்லியிருந்தீங்கன்னா அடுத்த பஸ்ஸே ஏறியிருப்பேன்" என்றாள். "இப்ப எப்படிங்க வரது? நான் இருக்கேன்னு சொன்னதுனால சம்பந்தியம்மா சின்ன மகன்கிட்ட மஸ்கட்டுக்குப் போயிட்டாங்க. திங்கக்கெழமையிலிருந்து இவ வேலைக்குப் போறா. பாப்பாவ ஆருகிட்ட உட்டுட்டு வரட்டும்? ஒரு வயசாவது ஆகட்டுமுங்க."

ஒரு வயசு என்றால் வருகிற ஆவணி. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள். எனக்கு வால்கூடக் கையில் இல்லை. அன்று உட்கார்ந்து அழுதேன். ஆண்பிள்ளை அழுததை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

மறுநாளும் ஏழரைக்குப் போன் வந்தது. அவள் டிரம்மைப் பற்றிக் கேட்கவில்லை. "கழிவு ஊத்தற குழா மூடியத் தொறங்க, உள்ள எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். பாதியை வெளியே எடுத்துக் குழியில் ஊற்றச் சொன்னாள். மாட்டுக்காரரிடம் போய்ப் புதுச் சாணம் கேட்டு, வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். மீன் கூடவே கூடாது என்றாள். மார்கழிப் பனி இன்னும் விடாததால் புதுத் தொலியை மார்பளவுக்குக் குவித்தேன். காலையிலும் சாயங்காலமும் டிரம்மைத் திருப்பினேன். வாரங்கள் போயின. ஒன்றும் நடக்காத நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை என்றே சொன்னேன். அப்படிச் சொல்வதற்கு எனக்கு வாய் கூசியது. "இருக்கட்டுமுங்க" என்பாள். அதற்குப் பிறகு நாங்கள் போனை வைக்காமல் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு இடுப்பு வலி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெங்களூரில் மூன்றாவது மாடியில் வெயில் வருவதே இல்லையாம்.

மாசி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை காலை குச்சியைக் கிழித்து வைத்தேன். நெருப்பு வட்டமாக நின்றது. அணைவதற்காகக் காத்திருந்தேன். அணையவில்லை. டீ கொதித்து மேலே வந்தது. அன்று போன் வரும்வரை பொறுக்காமல் ஏழு மணிக்கே நான் கூப்பிட்டேன்.

"எரியுது புள்ள."

"நெசமாலுமா?" என்றாள். பழைய சிரிப்பு. எத்தனை மாதமாயிற்று அதைக் கேட்டு. "இனி என்னுங்க, எல்லாம் சரியாப் போச்சு."

"இல்ல" என்றேன். "எதுவும் சரியில்ல. அடுப்பு எரியுது, அவ்வளவுதான். எனக்கு நீ வேணும். ஆவணியோ, அதுக்கு முன்னயோ, எப்ப முடியுதோ அப்ப வா. ஆனா வா."

அந்தப் பக்கம் பேத்தி ஏதோ மழலையில் கத்தினாள். அவளை இடுப்பில் மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"என்ன புள்ள, கேக்குதா?"

"கேட்டுதுங்க" என்றாள். "இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன்.